புதிய நாட்டில் முதல் வங்கிக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வேலைக்காக வேறொரு நாட்டுக்கு அண்மையில்தான் வந்திருக்கிறேன். கணக்குத் தொடங்கப் போனால் வங்கியில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், முதலில் வங்கிக் கணக்கைக் காட்டுங்கள் என்கிறார் வீட்டு உரிமையாளர். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: புதிதாகக் குடியேறும் பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் முடிச்சு இது, உங்கள் தகுதியில் குறை இருப்பதாக எண்ணி மனம் தளர வேண்டாம். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பதற்காக ஜி7 நாடுகள் 1989-இல் ஏற்படுத்திய நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் பரிந்துரைகளைப் பின்பற்றி ஏறக்குறைய எல்லா நாடுகளும் சட்டம் இயற்றியிருக்கின்றன. வாடிக்கையாளர் யார் என்பதை நம்பத்தக்க ஆவணத்தைக் கொண்டு உறுதிசெய்யாமல் கணக்குத் திறக்க அந்தச் சட்டங்கள் வங்கியை அனுமதிப்பதில்லை.

நீங்கள் யார் என்பதற்குக் கடவுச்சீட்டும் விசாவும் அல்லது வசிப்பு அனுமதியும் பொதுவாகப் போதுமானவை. எங்கே வசிக்கிறீர்கள் என்பதில்தான் தடங்கல் வருகிறது. மின்கட்டண ரசீதைக் கொண்டுவாருங்கள் என்று முகப்பில் இருப்பவர் சொன்னால், அது ஒன்றுதான் வழி என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள். உங்கள் தற்போதைய முகவரியைக் குறிப்பிட்டு வேலை கொடுத்தவர் எழுதும் கடிதம், மாணவராக இருந்தால் பல்கலைக்கழகம் தரும் கடிதம், அரசு அலுவலகத்திலிருந்து உங்கள் பெயருக்கு அஞ்சலில் வந்த கடிதம், தங்குவிடுதி ஒப்பந்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பல வங்கிகள் ஏற்கின்றன. ஏற்கப்படும் ஆவணங்களின் முழுப் பட்டியலை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஆவணம் எத்தனை மாதங்களுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். புதிதாகக் குடியேறுபவர்களுக்கென்றே சில வங்கிகள் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பயணத்துக்கு முன்பே விண்ணப்பித்து, வந்து சேர்ந்தபின் கிளையில் கடவுச்சீட்டைக் காட்டிக் கணக்கை முழுமையாக்கிக்கொள்ளலாம். இன்னும் புறப்படாமல் இருக்கும் வாசகர்கள் இந்த வழியை முதலில் விசாரிப்பது நல்லது.

கேள்வி: என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லை, ஒரே பெயர்தான். வங்கிப் படிவமோ இரண்டு பெயர் இல்லாமல் நகர மறுக்கிறது. தந்தை பெயரைச் சேர்த்துவிடலாமா?

பதில்: உங்கள் விருப்பப்படி சேர்க்காதீர்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் பின்னாளில் மிகுந்த அலைச்சலைத் தரக்கூடியது. வேலை கொடுத்தவரிடம் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், வரி அலுவலகத்தில் வேறொரு பெயர் என்று பதிவாகிவிட்டால், சம்பளம் திரும்பிப் போகலாம். ஊரிலிருந்து வரும் பணம் சரிபார்ப்புக்காக நிறுத்திவைக்கப்படலாம். கடன் கேட்கும்போது உங்கள் பழைய பதிவுகள் உங்களுடையவையாகக் காட்டாமல் போகலாம். கடவுச்சீட்டில் உள்ளதை அப்படியே காட்டி, ஒற்றைப் பெயரை உங்கள் வங்கி எந்த முறையில் பதிவுசெய்கிறது என்று கிளை அலுவலரிடம் கேளுங்கள். அமெரிக்க விசாவில், முதற்பெயர் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து இடப்படுவதைப் போல, இதற்கென வழக்கமான முறை ஒன்று அங்கும் இருக்கும். வங்கி எழுதிக்கொண்ட வடிவத்தையே, எழுத்து மாறாமல், வேலை கொடுத்தவருக்கும் வரி அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

கேள்வி: கணக்குக் கிடைக்கும்வரை என் சம்பளத்தைத் தன் கணக்கில் போடச் சொல்லலாம் என்கிறார், முன்பே இங்கு வந்து வாழும் உறவினர். நல்லவர்தான். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அவருடைய நல்ல மனத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் அவர் கணக்கில் இருக்கும் பணம் வங்கியின் பார்வையில் அவருடைய பணம். அவருக்குக் கடன் நிலுவை இருந்து கணக்கு முடக்கப்பட்டாலோ, அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டாலோ, உங்கள் உழைப்பின் பலனை உங்களுடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். வேறொருவரின் சம்பளம் மாதந்தோறும் வருவதைக் கண்டு வங்கி அவரிடமே விளக்கம் கேட்கவும் கூடும். கணக்குத் திறக்கும்வரை காசோலையாகத் தர முடியுமா, சம்பளத்தைச் சில நாள் தள்ளித் தர முடியுமா என்று வேலை கொடுத்தவரிடம் கேட்பது இதைவிடப் பாதுகாப்பானது.

இதன் மறுபக்கத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கணக்குக் கிடைத்தபின், அதில் கொஞ்சம் பணம் வரும், எடுத்து வேறு கணக்குக்கு அனுப்பினால் ஒரு பங்கு உங்களுக்கு என்று யாராவது அணுகினால், அவரிடமிருந்து உடனே விலகுங்கள். மோசடிப் பணத்தைக் கைமாற்றப் புதியவர்களையும் மாணவர்களையும் குறிவைத்துத் தேடுகிறார்கள். விவரம் தெரியாமல் செய்தேன் என்ற விளக்கம் வழக்கிலிருந்து காப்பாற்றும் என்று நம்ப முடியாது. கணக்கு மூடப்படுவதோடு வசிப்பு அனுமதியும் ஆபத்துக்குள்ளாகலாம்.

துணைவரின் விசாவைச் சார்ந்து வந்திருக்கும் பெண்களும் தங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூட்டுக் கணக்கு வீட்டுச் செலவுக்கு வசதியானது. பெரும்பாலும் இருவரில் எவரும் அதிலுள்ள முழுத் தொகையையும் எடுத்துவிட முடியும் என்பதை அறிந்தே அதைத் தொடங்குங்கள்.

கேள்வி: வேலை இல்லை என்று சொல்லி வங்கி மறுத்துவிட்டது. இதற்கு மேல் வழி உண்டா?

பதில்: நாட்டைப் பொறுத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, அங்கே சட்டப்படி வசிக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும் புகலிடம் கோரியவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு ஒன்றைப் பெற உரிமை உண்டு. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். கனடாவில் வேலையின்மையோ, உடனே போடப் பணம் இல்லாமையோ கணக்கை மறுப்பதற்குக் காரணமாகாது. இத்தகைய சட்டம் இல்லாத நாடுகளில் வங்கிக்கு வங்கி விதி மாறுபடும் என்பதால், ஒன்றின் மறுப்பை எல்லாவற்றின் மறுப்பாகக் கொள்ளாமல் வேறொன்றை அணுகுங்கள்.

எந்த நாடாயினும், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முகப்பில் வாய்மொழியாகச் சொல்லப்படும் மறுப்புகளில் சில, அலுவலருக்கு விதி தெரியாததால் வருபவை. எழுதித் தரச் சொன்னதும் விஷயம் மேலாளரிடம் போய், அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. அதிலும் தீராவிட்டால் வங்கியின் புகார்ப் பிரிவுக்கும், பிறகு அந்நாட்டில் வங்கிப் புகார்களை விசாரிக்கும் அமைப்புக்கும், மறுப்புக் கடிதத்தின் நகலை இணைத்து எழுதுங்கள்.