கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்: அரூப அச்சுப்படங்கள் பற்றிய கேள்வி – பதில்

நவீன ஓவியர்களின் கையெழுத்தும் எண்ணும் உள்ள அச்சுப்படங்களை வாங்குவது, சோதிப்பது, பாதுகாப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: ஒரு லித்தோகிராஃபின் (கல்லிலோ தகட்டிலோ வரைந்து எடுக்கும் அச்சு) அடியில் பென்சிலால் 27/100 என்று எழுதியிருக்கிறது. அதே படத்தின் இன்னொரு பிரதியில் எண்ணே இல்லை, 'ஈ.ஏ.' என்று மட்டும் இருக்கிறது. எது உயர்ந்தது? எண் சிறியதாக இருந்தால் முதலில் அச்சானது என்று பொருளா?

பதில்: அப்படிப் பொருள் இல்லை. கோட்டுக்குக் கீழே இருப்பது எண்ணிட்ட பிரதிகளின் மொத்தம். மேலே இருப்பது உங்கள் தாளின் அடையாள எண், அவ்வளவுதான். ஆறு நிற லித்தோகிராஃப் என்றால் முதலில் எல்லாத் தாள்களிலும் ஒரு நிறத்தை அச்சிட்டுக் காயவைப்பார்கள். பிறகு அடுத்த நிறம். ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கு மாறிவிடும். கடைசியில் ஓவியர் உட்கார்ந்து கையெழுத்திடும்போது எது கைக்கு வருகிறதோ அதற்கு அடுத்த எண். எனவே 3/100, 97/100 இரண்டும் சமம்தான். சிறிய எண்ணுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

டிரைபாயிண்ட் முக்கிய விதிவிலக்கு. ஊசியால் செம்புத் தகட்டைக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறுதான் அந்த மென்மையான கருமையைத் தருகிறது. அழுத்தத்தில் அது சில பத்துப் பிரதிகளுக்குள் மழுங்கிவிடும். அங்கும் எண்ணை நம்பாமல் கோட்டைப் பாருங்கள்: வெல்வெட் போல் கசிந்த கருமை இருந்தால் நல்ல பிரதி, வெறும் சாம்பல் நிறக் கோடு என்றால் தேய்ந்தது.

'ஈ.ஏ.', 'ஏ.பி.' இரண்டுமே ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரதியைக் குறிப்பவை. வழக்கமாக எடிஷனில், அதாவது எண்ணிட்ட மொத்தப் பிரதிகளில், 10 சதவீதம் அளவுக்கு இருக்கும். 'எச்.சி.' என்பது விற்பனைக்கு அல்லாத பிரதி, 'பி.பி.' அச்சகத்தாருக்கானது. இவை எண்ணிட்ட பிரதிகளைவிடத் தரத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'பி.ஏ.டி.' மட்டும் தனி. 'இதைப் போலவே அச்சிடுங்கள்' என்று ஓவியர் ஒப்புதல் தந்த ஒற்றைத் தாள் அது.

இவை தவிர, ரோமன் எண்ணிட்ட தனி வரிசை ஒன்று வேறு தாளில் அச்சிடப்பட்டிருக்கலாம். அப்படியானால் '100 பிரதிகள்' என்பது உண்மையில் 140 ஆகிவிடும். ஆகவே 'எடிஷன் எத்தனை' என்று கேட்பதோடு நிறுத்தாமல், கையெழுத்திட்ட தாள்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை என்று கேளுங்கள்.

கேள்வி: ஸ்பானிய ஓவியர் மிரோவின் கையெழுத்துள்ள ஒரு படம் விலைக்கு வந்திருக்கிறது. கையெழுத்து அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கையெழுத்திலிருந்து தொடங்காதீர்கள். ஓர் அச்சுப்படத்தில் போலி செய்ய மிக எளிதானது பென்சில் கையெழுத்துதான். மிரோ, ஷாகால், பிக்காஸோ, சல்வதோர் தாலி ஆகிய நால்வர் விஷயத்தில் இது பெரிய தொல்லை. தாலி வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்தவர். 1974இல் பிரெஞ்சு எல்லையில் பிடிபட்ட ஒரு வண்டியில் அப்படிப்பட்ட 40,000 தாள்கள் இருந்தன. அவர் விஷயத்தில் கையெழுத்து அசலாகவே இருந்தாலும் படம் போலியாக இருக்கலாம்.

மிரோவுக்கு இன்னொரு சிக்கல். பாரிஸின் மேக் கேலரி 1946 முதல் 1982 வரை 'தெரியேர் லெ மிருவார்' என்ற இதழை வெளியிட்டது. அதில் மிரோவின் அசல் லித்தோகிராஃப்கள் வந்தன. ஆனால் சாதாரணப் பிரதிகளில் அவை கையெழுத்து இல்லாதவை. இதழிலிருந்து தாளைப் பிரித்து, பென்சிலில் கையெழுத்தும் எண்ணும் சேர்த்து விற்பவர்கள் உண்டு. தாளின் நடுவே மடிப்பு, தையல் துளை, பின்பக்கத்தில் அச்செழுத்து இவற்றில் ஏதாவது இருந்தால் அது இதழ்த் தாள். கையெழுத்தில்லாத இதழ்த் தாளாக அதன் விலைக்கு வாங்குவதில் தவறில்லை.

சோதிக்கும் வரிசை இது. முதலில் படத்தை ஃபிரேமிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். முழுத் தாளின் உயரம், அகலம், பிறகு அச்சுப் பகுதியின் உயரம், அகலம் என நான்கு அளவுகளையும் மில்லிமீட்டரில் எடுங்கள். அந்த ஓவியருடைய அச்சுப்படங்களின் முழு விவரப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும் என்பதால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்பு. அச்சுப் பகுதியே இரண்டு சென்டிமீட்டர் சிறியது என்றால் அது புகைப்படம் எடுத்து மறு அச்சுப் போட்டது.

அடுத்து தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆர்ஷ், ரீவ் போன்ற ஆலைகளின் நீர்க்குறி தெரியலாம். பட்டியல் ஆர்ஷ் என்று சொல்ல, கையில் இருப்பது வழவழப்பான போஸ்டர் தாள் என்றால் அங்கேயே முடிந்தது. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ந்த தாள் நீலமாய் ஒளிரும். 1950களுக்குப் பிறகுதான் இந்த ரசாயனம் பரவலானது. 1930களின் எச்சிங் (அமிலத்தால் தகட்டில் கோடு குடைந்து எடுக்கும் அச்சு) என்று சொல்லப்படுவது அப்படி ஒளிர்ந்தால் சந்தேகம் உறுதி. ஒளிராததாலேயே அசல் என்று ஆகிவிடாது.

மூன்றாவது, 10 மடங்கு பெருக்கும் லூப். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூ வடிவில் வரிசையாக இருந்தால் அது ஆஃப்செட் மறுபதிப்பு. ஒழுங்கில்லாமல் தெளித்த நுண்புள்ளிகள் இங்க்ஜெட்டின் அடையாளம். இப்போது ஷீக்ளே என்ற பெயரில் விற்கப்படுவது இதுதான். கையால் வரைந்த லித்தோகிராஃபில் கிரேயானின் சொரசொரப்பு ஒழுங்கற்ற மணல் போல இருக்கும், ஒவ்வொரு நிறமும் தனி மையாகத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் (வலைத்துணி வழியே மையைத் தள்ளி எடுக்கும் அச்சு) மை தாளின் மேல் படலமாக உட்கார்ந்திருக்கும். எச்சிங்கில் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். தகட்டில் கரடுமுரடான பொடியை ஒட்டி அச்சிடும் கார்போரண்டம் முறையில் மை விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு மேடாக நிற்கும். மிரோ 1967 முதல் இம்முறையில் செய்த படங்கள் சப்பையாகத் தெரிந்தால் அவை அவருடையவை அல்ல. (லூப் சோதனைக்கும் எல்லை உண்டு. காலோடைப் என்ற ஒளிப்பட அச்சு முறையில் எடுத்த நல்ல நகலில் புள்ளியே இருக்காது. அதனால்தான் அளவும் தாளும் முன்னால் வருகின்றன.)

இவ்வளவும் தேறினால்தான் கையெழுத்து. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். பென்சிலின் கிராஃபைட் மினுமினுப்பும் லேசான பள்ளமும் தெரிய வேண்டும். அச்சிட்ட கையெழுத்தில் இரண்டும் இருக்காது. பிறகு அதே ஆண்டில் அவர் போட்ட கையெழுத்துகளோடு ஒப்பிடுங்கள். நடுத்தர வயதுக் கையெழுத்தை முதுமைக் காலப் படத்தில் போட்டு மாட்டிக்கொள்ளும் போலிகள் நிறைய.

கேள்வி: விற்பவர் அசல் சான்றிதழ் தருகிறார். அது போதாதா?

பதில்: அதை யார் தருகிறார் என்பதைப் பொறுத்தது. படத்தை வெளியிட்டவர், அச்சகம், ஓவியரின் படைப்புரிமையை வைத்திருக்கும் அமைப்பு என்றால் மதிப்புண்டு. விற்பவரே தம் கணினியில் அச்சடித்த தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதைவிட விரிவான ரசீது மேல். ஓவியர், தலைப்பு, ஆண்டு, முறை, தாள், அளவு, பிரதி எண், அச்சகம், வெளியீட்டாளர், பட்டியல் எண், சேதம் ஏதும் இருந்தால் அது, போலி எனத் தெரிந்தால் பணம் திரும்பும் என்ற உறுதி ஆகிய எல்லாம் அதில் எழுத்தில் இருக்கட்டும்.

விற்பனைக் குறிப்பில் ஓவியரின் பெயருக்கு முன் 'ஆஃப்டர்' என்று இருந்தால், அவருடைய ஓவியத்தைப் பார்த்து வேறொரு கைவினைஞர் உருவாக்கிய அச்சு அது. 'பிளேட் ஸைன்ட்' என்றால் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானது. இரண்டுக்கும் விலை வெகுவாகக் குறைய வேண்டும்.

கேள்வி: ஒரு தொகுப்பிலிருந்து பிரித்த தாள், கையெழுத்து இல்லை. ஒதுக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பல தொகுப்புகளில் ஓவியர் கடைசித் தகவல் பக்கத்தில் மட்டும் கையெழுத்திடுவார். பட்டியலில் 'தனித் தாள்களில் கையெழுத்து இல்லை' என்று இருந்தால் உங்கள் தாள் சரியானதே. அதில் பென்சில் கையெழுத்து இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ஓர் ஓவியர் அல்லது ஓர் அச்சுக்கூடத்தை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பாருங்கள். அச்சுக்கூடம் வழியாக நுழைவதையே நாங்கள் பரிந்துரைப்போம், ஏனென்றால் அரூபப் படங்களில் உருவத்தைவிட முறைதான் பேசுகிறது. பிரிட்டிஷ் ஓவியர் ஹேட்டர் 1927இல் பாரிஸில் தொடங்கிய அட்டெலியே 17 என்ற அச்சுக்கூடம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1950களில் ஹேட்டர், கிருஷ்ணா ரெட்டி (1925–2018), கைகோ மோதி ஆகியோர் வளர்த்தெடுத்த பல்வண்ண முறையில் ஒரே தகட்டை வெவ்வேறு ஆழங்களில் குடைவார்கள். எண்ணெய் மிகுந்த மையைக் கெட்டியான உருளையால் மேல்தளத்தில் ஏற்றுவார்கள். எண்ணெய் குறைந்த மை மெத்தென்ற உருளையால் பள்ளத்துக்குள் போகும். எண்ணெய் அளவு வேறுபடுவதால் ஒன்றை ஒன்று தள்ளும், கலக்காது. தகட்டை ஒருமுறை அழுத்தினாலே எல்லா நிறங்களும் தாளில் ஏறிவிடும். மையின் பதம் சற்று மாறினாலும் நிறம் மாறும். ஆகவே ஒரே எடிஷனின் இரண்டு பிரதிகள் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடலாம். இத்தகைய படத்தைத் திரையில் பார்த்து வாங்கக் கூடாது. நேரில், முடிந்தால் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முறை தெரிந்தால் படமும் வேறாகத் தெரியும். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃப்ராங்கன்தாலர் 1973இல் மரத்தகட்டைச் சின்ன ரம்பத்தால் வடிவம் வடிவமாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் பூசி அச்சிட்டார். மர அச்சின் கடினமான விளிம்பு அவர் கையில் நீர் போல ஓடுவது அதனால்தான்.

பணம் பற்றி ஒரு சொல்: ஏலத்தில் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் கால் பங்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வரலாம். அனுப்பும் செலவு, வரி, ஃபிரேம் எல்லாம் அதற்கு மேல். குறையுள்ள மூன்றைவிடக் குறையில்லாத ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: ஃபிரேமுக்குப் பொருந்துவதற்காகத் தாளின் ஓரத்தை வெட்டிவிட்டார்கள். வாங்கலாமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். வெட்டிய ஓரம் திரும்ப வராது, விலையும் ஏறாது. ஆனால் தாளின் விளிம்பு வரை மை ஓடும்படியே அச்சிட்ட படங்களும் உண்டு. அவற்றில் கையெழுத்து படத்துக்குள்ளேயே இருக்கும். பட்டியலின் தாள் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஃபிரேம் போட்டு மாட்டிய ஸ்கிரீன் பிரிண்டில் மவுண்டின் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) உள்விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. தாளும் அலையலையாகிவிட்டது. ஏன்?

பதில்: இரண்டும் ஃபிரேம் போட்டவரின் குறை. மலிவான மவுண்ட் அட்டை மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் அமிலமாக மாறி, வெட்டிய சரிவு விளிம்பு வழியே தாளைச் சுடுகிறது. பின்பலகையும் அப்படிப்பட்டதாகவே இருக்கும். இரண்டையும் நூறு சதவீதப் பருத்தி அட்டைக்கு மாற்றுங்கள். விழுந்த கோட்டை வீட்டில் நீக்க முயலாதீர்கள். தாள் பாதுகாப்பு நிபுணர் மையையும் பென்சிலையும் சோதித்த பிறகே நீரைத் தொடுவார்.

அலை வந்தது நான்கு பக்கமும் ஒட்டியதால். காற்றின் ஈரம் கூடும்போது தாள் விரிய வேண்டும், இடமில்லை, எனவே எழும்புகிறது. மேல்விளிம்பில் இரண்டு கீல் (தாளைப் பிடிக்கும் சிறு ஒட்டுப் பட்டை) போதும். ஜப்பானியத் தாள், கோதுமை மாவுச்சத்துப் பசை, வேறெதுவும் வேண்டாம். செல்லோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். முழுப் பரப்பையும் பலகையில் சூடாக ஒட்டும் டிரை மவுண்டிங் செய்த படம் சேகரிப்பாளருக்குச் செத்த படம்.

கண்ணாடிக்கும் மைக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டின் மைப்படலம் ஈரக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் இழுக்காமல் ஃபிரேமோடு நிபுணரிடம் கொடுங்கள். ஒளி மங்கலாக, 50 லக்ஸ் அளவில் இருக்கட்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் நல்லதுதான், ஆனால் சாதாரண ஒளியும் நிறத்தை வெளுக்கும். ஒளிரும் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு மைகள் முதலில் போகும். அவற்றை ஆண்டில் சில மாதங்கள் மட்டும் மாட்டுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் சரி. 65ஐத் தாண்டித் தொடர்ந்தால் பூஞ்சை, பழுப்புப் புள்ளி.

கேள்வி: குழாயில் சுருட்டி வந்த படத்தை எப்படி விரிப்பது, எங்கே வைப்பது?

பதில்: வந்த பெட்டியை உடனே திறக்காமல் ஒருநாள் அறையில் வைத்து, தாள் அந்த அறையின் ஈரப்பதத்துக்குப் பழகவிடுங்கள். பிறகு அமிலமற்ற தாள் விரித்த மேசையில் மெல்ல விரித்து, மேலே இன்னொரு தாள், அதன் மேல் தட்டையான பலகை வைத்து ஒரு வாரம் விடுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தினால் மைப்படலம் வெடிக்கும். கழுவிக் காய்ந்த கைகளால் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் தூக்குங்கள். அகலமான கருநிறப் பரப்புள்ள படத்துக்கு நைட்ரில் கையுறை அவசியம், ஏனென்றால் அதில் விழும் விரல்ரேகை போகாது. சேமிக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் இடையே அமிலமற்ற தாள் வைத்து, தட்டையான பெட்டியில் படுக்கவையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை பரவாயில்லை. பெட்டி தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை திறந்து வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.