வாசகர் கேள்வி–பதில்: கோடையில் வீட்டுப் பூவும் தொட்டிச் செடியும்

பங்குனி பிறந்ததிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பூ அலங்காரம் பற்றிய கேள்விகளே மிகுதியாக இருக்கின்றன. ஒரே வகையான கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஓசூரிலிருந்து ரோஜாவும் ஜெர்பெராவும் வரவழைத்துக் கூடத்தில் பூச்சாடிகளில் வைத்தோம். காலையில் நிமிர்ந்து நின்றவை மாலைக்குள் தலை தொங்கிவிட்டன. சாடி நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தோம். பழைய பூவைக் கொடுத்துவிட்டார்களா?
– காரிமங்கலம் வாசகி ஒருவர்

புதிய பூவுக்கும் இப்படி நேரும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் பசுமைக்குடில்களில் மிதமான வெப்பத்தில் வளர்ந்த பூக்கள், காரிமங்கலத்துச் சித்திரை வெயிலுக்கு வந்து சேரும்போது தண்ணீரை வேகமாக இழக்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் பூவின் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகிறது. அந்த அளவுக்கு அதன் ஆயுளும் குறைகிறது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. தண்ணீர் இல்லாமல் பயணம் செய்த காம்பு, வெட்டுவாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் காற்றுக்குமிழி காம்பின் நுண்குழாய்களை அடைத்துக்கொண்டபின், சாடியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது பூவின் கழுத்துவரை ஏறுவதில்லை.

ஆகவே பூக்கட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, காம்பின் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே கூரிய பிளேடால் ஓர் அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். தண்ணீருக்குள் அமிழக்கூடிய இலைகளை எல்லாம் கிள்ளிவிட வேண்டும். அழுகும் இலையில்தான் கிருமிகள் முதலில் பெருகுகின்றன. ஏற்கெனவே தலை தொங்கிய ரோஜாவையும் உடனே கழித்துவிடாதீர்கள். காம்பைப் புதிதாக வெட்டியபின், அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பூ, காம்பு, இலை அனைத்தும் மூழ்கும்படி முழுப் பூவையும் படுக்கவைத்தால், பெரும்பாலான பூக்கள் ஒரு மணி நேரத்துக்குள் கழுத்து நிமிர்ந்துவிடும்.

ஜெர்பெராவின் இயல்பு வேறு. அதன் காம்பு மென்மையானது. உட்புறம் கூடாக இருக்கும். மேல்தோலில் பூனைமயிர் போன்ற ரோமம் உண்டு. ஆழமான தண்ணீரில் அது அழுகிப்போகும் என்பதால், இரண்டு அல்லது மூன்று அங்குலத் தண்ணீரே அதற்குப் போதும். நீங்கள் சாடி நிறைய ஊற்றியது ரோஜாவுக்குச் சரி. ஜெர்பெராவுக்கு அதுவே கேடாகியிருக்கக்கூடும். முதல் சில மணி நேரம் பூக்களைச் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி நிமிர்த்தி வைத்தால் காம்பு வளையாமல் நேராக நிற்கும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி பிளீச்சிங் திரவம் என்ற அளவில் கலந்து ஊற்றலாம். சர்க்கரை பூவுக்கு உணவு. புளிப்பு, தண்ணீர் காம்பில் எளிதாக ஏற உதவுகிறது. பிளீச்சிங் திரவம் கிருமியைத் தடுக்கிறது. கிருமித் தடை இல்லாமல் சர்க்கரையை மட்டும் போட்டால் கிருமிகளுக்கே உணவிட்டதாகும். மின்விசிறிக்கு நேர் கீழே சாடியை வைக்கவே வேண்டாம். பூவை நிறுத்துவதற்குக் கடைகளில் விற்கும் பச்சை ஸ்பாஞ்சைவிட, பந்தாகச் சுருட்டிய கோழிவலைக் கம்பியையே நான் பரிந்துரைப்பேன். ஸ்பாஞ்ச் மண்ணில் மட்காத குப்பை. கம்பியைக் கழுவி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம்.

கூடத்தில் வைத்திருக்கும் டிரசீனாவுக்கும் ஸ்பைடர் பிளான்ட்டுக்கும் தினமும் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலை நுனிகள் பழுப்பாகிக் கருகிக்கொண்டே வருகின்றன. வெயில் படாத இடத்தில்தான் தொட்டிகள் இருக்கின்றன. என்ன உரம் போடலாம்?
– பென்னாகரம் வாசகர் ஒருவர்

தயவுசெய்து உரம் எதுவும் போட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தண்ணீர் மீதுதான் ஐயம் எழுந்தது. இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதும், அதனால் மக்களின் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்ததும் நீங்கள் அறிந்தவையே. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கலாகாது என்பது மனிதருக்கான வரம்பு. டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் போன்ற செடிகளோ அதைவிடக் குறைந்த அளவையும் பொறுப்பதில்லை. வேர் வழியே ஏறும் ஃபுளோரைடு இலையின் நுனிக்குச் சென்று சேர்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, அது மட்டும் அங்கேயே தங்கித் திசுவைக் கொல்கிறது. நுனியிலிருந்து பழுப்பு ஏறி, அதற்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தால் ஐயம் வலுக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். வீட்டில் அதே தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால், செடியைவிட உங்களுக்காகவே அந்தப் பரிசோதனை தேவை.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் எனப் பலர் நம்புகிறார்கள். போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று தோன்றினாலும், வடிகட்டப்பட்ட உப்பும் ஃபுளோரைடும் அதில்தான் திரண்டிருக்கின்றன; வீடு துடைக்கவோ, கழிவறைக்கோ அதைப் பயன்படுத்துங்கள். இந்த இரண்டு செடிகளுக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீரோ, மாடியிலிருந்து பிடித்த கோடை மழைநீரோ போதும். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் அதைத் தவிருங்கள்.

தினமும் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும், தொட்டியின் அடித்துளையில் வடியும்வரை ஊற்றினால் தேங்கிய உப்பும் கழுவப்படும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புதான். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. இலையின் வடிவத்தை ஒட்டிக் கத்தரித்துவிடலாம். போர்வெல் தண்ணீர்தான் கதி என்றால் பாம்புக் கற்றாழை, சோற்றுக் கற்றாழை, மணி பிளான்ட் ஆகியவற்றுக்கு மாறுவதே நல்லது.

முதல் கேள்வி கேட்ட வாசகிக்கும் இது பொருந்தும். கிளாடியோலஸும் ஜெர்பெராவும் சாடித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தாலே வாடத் தொடங்கும். ரோஜாவும் சாமந்தியும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

கார்னேஷன் பூக்கள் இதழ் விரிந்த நிலையில் வாங்கிய மறுநாளே உள்நோக்கிச் சுருண்டு மூடிக்கொண்டன. சாப்பாட்டு மேசையில்தான் வைத்திருந்தோம்.
– காவேரிப்பட்டணம் வாசகி ஒருவர்

மேசையில் மாம்பழக் கூடையும் இருந்ததா? பழுக்கும் மாம்பழம் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. கார்னேஷன் அதற்கு மிக எளிதில் வசப்பட்டு இதழ்களை மூடிக்கொள்ளும். மாம்பழக் காலம் முடியும்வரை பூச்சாடியும் பழக்கூடையும் வேறு வேறு அறைகளில் இருக்கட்டும். குளிர்பெட்டியிலும் பழங்களோடு பூவை வைக்க வேண்டாம்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதே அரிது. தண்ணீரே தேவைப்படாத அலங்காரம் ஏதேனும் உண்டா?
– ஊத்தங்கரை வாசகி ஒருவர்

உண்டு, நம் பகுதிக்கே உரிய அழகு அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றின் கதிர்களை ஒரு முழம் தாளோடு அறுத்துத் தரும்படி தெரிந்த விவசாயி எவரிடமாவது கேட்டு வாங்குங்கள். தாளின் சருகை உரித்துவிட்டு, பத்துப் பதினைந்தாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் தலைகீழாகத் தொங்கவிட்டால் தாள் வளையாமல் விறைத்து நிற்கும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்துவிடும். கேழ்வரகுக் கதிர் விரல்களை மடக்கிய கைபோல உள்நோக்கி வளைந்து, செம்பழுப்பு மணிகளோடு மிக நேர்த்தியாக இருக்கும். அடியில் மணல் நிரப்பிய பழைய மண்பானையில் உயரமான சோளக்கதிர்களை நடுவிலும், கம்பை அதைச் சுற்றியும், கேழ்வரகை விளிம்பில் சாய்ந்தாற்போலவும் செருகுங்கள். இடையிடையே வண்ணம் வேண்டுமானால் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இருக்கின்றன. இரண்டும் காய்ந்தபின்னும் நிறம் மாறாதவை. பூச்சி வராமலிருக்கக் காய்ந்த வேப்பிலையைப் பானைக்குள் போட்டு வையுங்கள். எலித் தொல்லை உள்ள வீடானால் பானையைச் சற்று உயரத்தில் வைப்பது அவசியம்.

வாசலில் உயிருள்ள செடியும் வேண்டுமென்றால் காகிதப்பூச் செடி ஒன்று போதும். அதற்குத் தண்ணீர் குறைந்தால்தான் பூக்கும்; அதிகமானால் இலையாகவே தழைக்கும்.

மாலை விருந்துக்கு உருளியில் பூ மிதக்கவிட ஆசை. குண்டுமல்லி எப்போது போட வேண்டும்? கொசு வருமா?
– தேன்கனிக்கோட்டை வாசகி ஒருவர்

குண்டுமல்லி மொட்டு மாலையில்தான் மலரும். காலையில் வாங்கிய மொட்டுகளை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, நான்கு மணியளவில் மிதக்கவிட்டால் விருந்தினர் வரும் நேரத்தில் மணம் வீடெங்கும் பரவும். மறுநாள் அவை பழுத்துவிடும், அன்றே எடுத்துவிடுங்கள். ஒரே இரவில் கொசு பெருகாது. ஆனால் உருளியையோ, மணி பிளான்ட் வைத்த புட்டியையோ நாள்கணக்கில் தண்ணீரோடு வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது தண்ணீரைக் கொட்டி, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும் என்பதால், தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது.