அடுத்தவர் வீட்டுக் கிரைண்டர்

வணக்கம் அக்கா,

சிங்கப்பூரின் பொங்கோலில், முன்பதிவு செய்தபின் அரசு கட்டித்தரும் எங்கள் பிடிஓ வீட்டின் சாவி சென்ற மாதம் கைக்கு வந்தது. ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும்பகுதி ரெனவேஷனிலேயே போய்விட்டது. சோபா, சாப்பாட்டு மேசை, துணி அலமாரி, ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றையும் பழசாக வாங்கிவிடலாம் என்கிறேன். அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “பால் காய்ச்சிக் குடிபோகிற வீட்டில் யார் யாரோ புழங்கிய சாமானா? சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?” என்கிறார். மனைவிக்கு ஏமாந்துவிடுவோமோ என்ற பயம். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? அம்மாவிடம் என்ன சொல்வது?

கி., பொங்கோல்

அன்புள்ள தம்பி,

புது வீட்டுக்கு வாழ்த்துகள். முதலில் அம்மாவைப் பற்றிப் பேசுவோம். அவர் சொல்வதை வெறும் பகட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டு முதல் மின்விசிறியை அப்பா சுங்கை ரோட்டில் வாங்கினார். 1930களில் தொடங்கி, 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும்வரை தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்ற இடம் அது. திருட்டுச் சந்தை என்பது அதன் பட்டப்பெயர். அங்கே பிளக்கைச் செருகிப் பார்க்க வசதி இல்லை. அப்பா குந்தி உட்கார்ந்து, இறக்கையை விரலால் சுற்றிவிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். கரகரவென்று சத்தம் வந்தால் எழுந்துவிடுவார். அப்படி வாங்கிய மின்விசிறி நான் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்வரை ஓடியது. ஆனால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அம்மா முதலில் கேட்டது, அட்டைப்பெட்டியோடு வந்திறங்கும் ஒரு புது மின்விசிறியைத்தான். அந்தத் தலைமுறைக்குப் பழசு என்பது வேறு வழியில்லாமல் வாங்கியது. புதுசு வாங்கினால்தான் கஷ்டம் தீர்ந்தது என்று அர்த்தம். உங்கள் அம்மாவும் மகன் வீட்டில் அதைத்தான் பார்க்க விரும்புகிறார் என்று நினைக்கிறேன். அதனால் அவரோடு வாதாட வேண்டாம். நம் சாமி அறையில் இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கு பாட்டி கையிலிருந்து வந்ததுதானே என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதன் தேய்மானம் கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ தெரியுமா? தெரியும் என்றால் பழசாக வாங்கலாம். உள்ளே மறைந்திருக்கும் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கட்டை மரத்தில் செய்த சாப்பாட்டு மேசை எதையும் மறைக்காது. கீறல் தெரியும், ஆட்டம் தெரியும், தேய்த்து மெருகேற்றினால் இன்னும் இருபது வருடம் உழைக்கும். அதே வீட்டில் விற்கும் துணி அலமாரியைக் கவனமாகப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் விட்டுவிடுங்கள். ஒரு முறை கழற்றி மாட்டினாலே ஆணித் துளைகள் தளர்ந்துவிடும், கதவு நேராக நிற்காது. மெத்தையும் துணி போட்ட சோபாவும் வேண்டவே வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை விரட்ட ஆகும் செலவில் புது சோபாவே வாங்கிவிடலாம். நாளைக்குக் குழந்தை பிறந்தால் தொட்டில், தள்ளுவண்டி, துணிமணியெல்லாம் தாராளமாகப் பழசு வாங்குங்கள். கார் இருக்கை மட்டும் புதிதாக இருக்கட்டும். விபத்தில் அடிபட்டதா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் அப்படித்தான்.

ஃப்ரிட்ஜையும் புதிதாகவே வாங்குங்கள். அது இரவு பகலாக ஓடும் சாமான். பழையது இழுக்கும் மின்சாரம் மாதா மாதம் பில்லில் வரும். புதிதாக வாங்கும்போது, எரிசக்தி முத்திரையில் டிக் அதிகம் உள்ளதைப் பாருங்கள்.

மனைவியின் பயம் நியாயமானது, நானும் பட்டிருக்கிறேன். ஒருவரிடம் பழைய துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். “கழுவி வைத்துவிட்டோம், இப்போது ஓட்டிக் காட்ட முடியாது” என்றார், நம்பிவிட்டேன். முதல் நாளே அடியில் தண்ணீர் ஒழுகியது. பழுதுபார்ப்பவர் கேட்ட தொகையைக் கேட்டுக் கண்ணீர் வந்துவிட்டது, அந்த மாதம் எனக்கு அது பெரிய பணம். ஓட்டிக் காட்டாத இயந்திரத்தை அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை. இன்னொன்று: பழுதான பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். ஆனால் அது கடையில் வாங்கினால்தான். கேரோசல் இணையச் சந்தையில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் நேரில் போய்ப் பாருங்கள், பார்த்த பிறகே பேநவ் வழியாகப் பணம் அனுப்புங்கள். “நிறைய பேர் கேட்கிறார்கள், முன்பணம் போட்டு வையுங்கள்” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

லாரிக் கூலியை மறக்காதீர்கள். 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மேசைக்கு 90 வெள்ளி கூலி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். லிஃப்டின் கதவையும் அளந்துகொள்ளுங்கள்.

கிரைண்டரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் நம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி நெருங்கும்போது விலையைவிட அந்தத் தேதிதான் அவர்களுக்குப் பெரிதாக இருக்கும். ஊரிலிருந்து சுமந்துவந்த கோயம்புத்தூர் கிரைண்டரைத் திரும்பச் சுமக்க மனமில்லாமல் மிகக் குறைவாகக் கொடுப்பார்கள். இங்கும் அங்கும் ஒரே 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. அடாப்டர் வைத்து ஒப்பேற்றாமல், பாதுகாப்பு முத்திரை உள்ள மூன்று முனை பிளக்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, ஒழுகுகிறதா என்று அடியில் கையை வைத்துப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிவிடலாம்.

அதைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். கல் சுற்றும் சத்தத்தை வைத்தே அது எத்தனை வருடம் மாவாட்டியிருக்கிறது, இன்னும் எத்தனை வருடம் ஆட்டும் என்று அவரால் சொல்ல முடியும். நீங்களோ நானோ அதைக் கண்டுபிடிக்க மாட்டோம். பால் காய்ச்சும் பாத்திரத்தை மட்டும் அவர் ஆசைப்படி புதிதாக வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா