செய்திகளைப் பார்த்தால் மனம் உடைகிறது. கிறிஸ்துமஸ் நேரத்தில் கிறிஸ்தவர்கள் நம்பிக்கையை எங்கே தேடுகிறீர்கள்?

கேள்வி கேட்டவர் காசா, உக்ரைன், சூடான், மணிப்பூர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "இவ்வளவும் நடக்கும்போது நட்சத்திரம் கட்டி, கேக் வெட்டிக் கொண்டாட எப்படி மனசு வருகிறது? உங்கள் நம்பிக்கைக்கு நாட்டு நடப்பில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன், கத்தோலிக்கன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

"எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும்" என்று நினைப்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை என்று பலர் எண்ணுகிறார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளும் அப்படித்தான் பேசுகின்றன. நற்செய்தியில் அப்படி இல்லை. குடிலில் நாங்கள் ஆடு, மாடு, இடையர், ஞானிகள், ஒட்டகம் எல்லாம் வைப்போம். ஏரோது அரசனின் படைவீரனை மட்டும் யாரும் வைப்பதில்லை. ஆனால் மத்தேயு எழுதிய இரண்டாம் அதிகாரத்தில் அவன் இருக்கிறான். ஞானிகள் திரும்பிப் போனதும் யோசேப்பு ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். பெத்லகேமிலும் சுற்று வட்டாரத்திலும் இரண்டு வயதும் அதற்குக் குறைவானதுமான ஆண் குழந்தைகளை ஏரோது கொல்கிறான். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் அழுகையை மத்தேயு மறைக்கவில்லை. அவர்களுக்கு ஆறுதல் கிடைத்தது என்றும் எழுதவில்லை.

திருச்சபை நாள்காட்டியும் இதை மறைப்பதில்லை. டிசம்பர் 25 பிறப்பு விழா. மறுநாள் கல்லால் எறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28-ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகள் விழா, அதாவது ஏரோது கொன்ற பிள்ளைகளின் நாள். கிறிஸ்துமஸ் வாரத்துக்குள்ளேயே இவ்வளவும் இருக்கிறது. அதனால் கெட்ட செய்தி வந்தால் கிறிஸ்துமஸ் பொய்த்துப்போகும் என்று நான் நினைப்பதில்லை. இப்படிப்பட்ட செய்திகளுக்கு நடுவில் வந்துதான் அவர் பிறந்தார்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு திருக்குடும்ப விழா, அதாவது இயேசு, மரியா, யோசேப்பு மூவரின் விழா. அந்த வருஷம் அன்றைக்குக் கோவில்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, யோசேப்பு குழந்தையோடு எகிப்துக்கு ஓடிய பகுதிதான். காலைத் திருப்பலியில் (பூசையில்) அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த ஜனங்கள் கொஞ்ச நேரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த பயணிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். எங்கள் பக்கம் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராகப் போயிற்று. இரண்டு நாள் கழித்து நான் கடற்கரையில் நடந்தபோது, ஒரு வாசலில் காகித நட்சத்திரத்தின் கம்பிக்கூடு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் பின்னால் வீடு இல்லை. சேற்றில் ஒரு தகர டப்பா கிடந்தது. மூடி இறுக மூடியிருந்தது, உள்ளே பண்டிகைப் பலகாரமான முந்திரிக்கொத்து நனையாமல் அப்படியே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது கண்ணை விட்டுப் போகவில்லை.

"கடவுள் ஏன் இப்படிச் செய்தார்" என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பதில் எனக்கு இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் யார் கூட இருந்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது. பக்கத்து ஊர் இந்து, முஸ்லிம் குடும்பங்கள் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள். அடையாளம் தெரியாத உடல்களுக்குப் பக்கத்தில் கன்னியர்கள் (கன்னியாஸ்திரிகள்) உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதையும் சரிசெய்துவிடவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. இம்மானுவேல், கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று நாங்கள் பாடுவதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து செய்தி பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது இதைத்தான்: போய்விட வழி இருந்தும் யார் அங்கேயே இருக்கிறார்கள்?

அப்படித் தேடும்போது எனக்கு அதிகமாகத் தென்பட்டது காசா நகரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பங்கு, அதாவது ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும். அதன் பெயரே திருக்குடும்ப ஆலயம். எகிப்துக்குப் போன வழியில் திருக்குடும்பம் காசாவைக் கடந்துபோனது என்பது மரபு; அதை வைத்துத்தான் அந்தப் பெயர். காசாவில் இருக்கும் ஒரே கத்தோலிக்கப் பங்கு அது. போருக்கு முன்னால் எல்லாச் சபைகளையும் சேர்த்தே அங்கே சுமார் ஆயிரம் கிறிஸ்தவர்கள்தான்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பணயக்கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் இறந்தவர்கள் 70,000-க்கும் மேல் என்கிறது அங்குள்ள சுகாதார அமைச்சகம். இந்த எண்களுக்கு நடுவில் அந்தப் பங்கு வளாகத்தில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சம் புகுந்தார்கள். கோவிலும் பள்ளிக்கூடமும் வீடாயின. அன்னை தெரசாவின் சபைக் கன்னியர் அதே வளாகத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023 கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன்னால், டிசம்பர் 16 அன்று, வளாகத்துக்குள்ளேயே ஒரு தாயும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2025 ஜூலை 17 அன்று கோவில் மீதே குண்டு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பங்குத்தந்தை காப்ரியேல் ரொமானெல்லிக்குக் காலில் காயம்.

அதே வருஷம் ஆகஸ்டில், காசா நகரத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போது எருசலேமின் லத்தீன் (கத்தோலிக்க), கிரேக்க (ஆர்த்தடாக்ஸ்) மறைமுதுவர் பீடங்கள், அதாவது அங்குள்ள இரு சபைகளின் தலைமை ஆயர் பீடங்கள், இரண்டும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன: உள்ளே இருப்பவர்களில் பலர் மெலிந்து, நலிந்து போனவர்கள், அவர்கள் தெற்கே புறப்படுவது சாவுக்குச் சமம், ஆகவே குருக்களும் கன்னியரும் அங்கேயே இருந்து அவர்களைப் பார்த்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறார்கள். இதைப் படித்த நாள் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் பிரசங்கம் என்றால் எனக்கு அதுதான்.

வெளியே இருந்தவர்களும் அவர்களைக் கைவிடவில்லை. போப் பிரான்சிஸ், போர் தொடங்கிய அந்த வாரத்திலிருந்தே, ஏறக்குறைய தினமும் மாலையில் இந்தப் பங்குக்குப் போன் செய்தார். 2025-இல் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் முடிந்த நாளெல்லாம் கூப்பிட்டார். கடைசி அழைப்பு அந்த ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை அன்று. திங்கட்கிழமை அவர் இறந்துவிட்டார். அந்த அழைப்புகளில் என்ன பேசினார்? எப்படி இருக்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் போனில் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். உலகத் தலைவர்கள் எத்தனையோ தீர்மானம் போட்டார்கள். ஒரு வயசான மனுஷர் தினமும் விடாமல் கேட்ட இந்த ஒரு கேள்வி எனக்கு அவற்றைவிடப் பெரிசாகப் படுகிறது.

எருசலேமின் லத்தீன் மறைமுதுவர் கர்தினால் பிட்சபல்லா இன்னொருவர். பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்ட குழந்தைகளை விடுவிக்கத் தன்னையே மாற்றாகத் தரத் தயார் என்று 2023 அக்டோபரிலேயே சொன்னார். குழந்தைகள் யூதக் குழந்தைகள், சொன்னவர் கிறிஸ்தவக் குரு. கோவிலில் குண்டு விழுந்த மறுநாளே கிரேக்க மறைமுதுவரோடு சேர்ந்து காசாவுக்குள் போனதும் இவர்தான்.

நம்பிக்கை கிறிஸ்தவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மாவோஸ் இனோன் என்ற இஸ்ரேலியரின் அப்பாவும் அம்மாவும் அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்டார்கள். அஸீஸ் அபு சாரா என்ற பாலஸ்தீனர் சின்ன வயதில் தன் அண்ணனைப் பறிகொடுத்தவர். இஸ்ரேல் சிறையிலிருந்து உடல் சிதைந்து வெளியே வந்த அண்ணன் கொஞ்ச நாளில் இறந்துபோனார். இந்த இருவரும் 2024 மே மாதம் இத்தாலியின் வெரோனாவில் போப் முன்னிலையில் ஒன்றாக நின்றார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் யூதர், ஒருவர் முஸ்லிம். பழிவாங்க எல்லாக் காரணமும் இருந்தும் அதை வேண்டாம் என்றவர்கள். "பகைவரை அன்பு செய்யுங்கள்" என்பதை நான் கோவிலில் கேட்கிறேன். அவர்கள் அதைச் செய்து காட்டினார்கள்.

பெத்லகேமுக்கு வருகிறேன். 2023-இலும் 2024-இலும் அங்கே மரமும் இல்லை, விளக்கும் இல்லை. 2023-இல் அங்குள்ள லுத்தரன் கோவிலில் குடிலுக்குப் பதிலாக இடிந்த சிமெண்ட் துண்டுகளைக் குவித்து, பாலஸ்தீனத் துண்டில் சுற்றிய குழந்தை இயேசுவை அதன் நடுவில் கிடத்தியிருந்தார்கள். இயேசு இன்று பிறந்தால் இடிபாடுகளுக்கு அடியில்தான் பிறப்பார் என்றார் அந்தக் கோவிலின் போதகர் முன்தர் ஐசக். அந்தப் படத்தைப் பார்த்து அரசியல் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது மத்தேயுவின் இரண்டாம் அதிகாரமாகவே தெரிந்தது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது; டிசம்பரில் பெத்லகேம் சதுக்கத்தில் மறுபடி மரம் வைத்து விளக்கு ஏற்றினார்கள். போர்நிறுத்தத்துக்குப் பிறகும் காசாவில் சாவு நிற்கவில்லை, பெத்லகேமை ஒட்டி இஸ்ரேல் கட்டிய சுவரும் அப்படியே இருக்கிறது. அவர்களுக்கும் அது தெரியும், தெரிந்துதான் ஏற்றினார்கள். கொண்டாட எப்படி மனசு வருகிறது என்று கேட்டீர்களே, அதற்கு என்னைவிட அவர்கள் நல்ல பதில் சொல்வார்கள்.

சரி, இதெல்லாம் ஆதாரமா? கணக்கு நிரூபிப்பதுபோல இல்லை. சில நூறு பேரின் கதையை எடுத்துக்கொண்டு எழுபதாயிரம் சாவுக்கு ஈடு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. "அந்த ஒளி இருளில் ஒளிர்ந்தது, இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை" என்று யோவான் எழுதியிருப்பதை கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியில் வாசிப்போம். இருள் போய்விட்டது என்று அவர் எழுதவில்லை. என்னால் நம்ப முடிவதும் அந்த அளவுதான், அதை முழுமனதோடு நம்புகிறேன்.

நடைமுறையில் நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் பயன்படலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலம் தொடங்கியதும் எல்லா நாட்டுத் துயரத்தையும் நாள் முழுக்கப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே என்ன நடக்கிறது, யார் என்ன செய்கிறார்கள் என்று விடாமல் படிப்பேன். முடிந்த பணத்தை கத்தோலிக்கத் திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாஸ் வழியாக அனுப்புவோம். வீட்டு மாலை ஜெபத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்வோம். எங்கும் பரவிக் கிடக்கும் துக்கம் ஆளை மரத்துப்போக வைக்கிறது. ஒரு ஊரைத் தெரிந்துகொண்டால் அந்த ஊருக்காக ஏதாவது செய்யத் தோன்றுகிறது.

அப்புறம், ஞாயிறாக வராத டிசம்பர் 28 அன்று பக்கத்தில் ஏதாவது கத்தோலிக்கக் கோவிலில் காலைத் திருப்பலி இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் அன்று இருக்காது. ஏரோதைப் பற்றிய அந்தப் பகுதியை முழுசாக வாசிப்பார்கள். கிறிஸ்தவர் இல்லையென்றாலும் வரலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.