றிமோட் பாய்வள்ளம்: கயிறு கட்டுவதில் வந்த கேள்விகள்

கேள்வி: கிரகரி வாவியில் விடும்போது காற்று திடீரென்று ஓங்கினால் என் வள்ளம் அப்படியே சாய்ந்து, சுக்கான் எந்தப் பக்கம் இருந்தாலும் காற்றுக்கு நேரே மூக்கைத் திருப்பிவிடுகிறது. கயிறுகளை எல்லாம் நல்ல இறுக்கமாகத்தான் கட்டியிருக்கிறேன் அண்ணே. (நுவரெலியா)

பதில்: அந்த இறுக்கம்தான் பிழை, தம்பி. நம் மலைகளில் காற்று ஒரே சீராக வருவதில்லை. சரிவில் இறங்கி, மரக்கூட்டத்தில் மோதி, விட்டுவிட்டு அடிக்கும். அப்படி அடிக்கும்போது பாயின் மேற்பகுதி கொஞ்சம் திறந்து காற்றை வழிய விட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பலம் முழுக்க வள்ளத்தைச் சாய்க்கப் போய்விடும். சாய்ந்த வள்ளம் தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். முதலில் பூமை (பெரிய பாயின் அடியில் கிடையாக நிற்கும் கம்பு) கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கரைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு வள்ளத்தை ஸ்டாண்டில் வைத்து, பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: மேல் பட்டி (பாயை விறைப்பாக வைக்கும் மெல்லிய சட்டம்) பூமுக்கு நேராக நிற்காமல் வெளிப்பக்கம் விலகியிருக்க வேண்டும். முன்பாயும் ஏறத்தாழ அதே அளவு விலகட்டும், இரண்டும் சேர்ந்து திறந்தால்தான் வள்ளம் நேராக ஓடும்.

பழைய சுவெட்டரில் உருவிய கம்பளி நூலில் ஒரு விரல் நீளம் வெட்டிப் பாயின் பின்விளிம்பில், மேற்பட்டி முனையில் ஒட்டுங்கள். வள்ளம் ஓடும்போது அந்த நூல் எப்போதும் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டே இருந்தால் பாய் இன்னும் மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம். தூறலில் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், அந்த நேரம் அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் மூக்குத் திரும்பினால் மட்டும் பாய்மரத்தை மில்லிமீற்றர் கணக்கில் முன்னால் சாய்த்துப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கேள்வி: முன்பாயின் முன்விளிம்பு வளைந்து தொங்குகிறது. (தலவாக்கலை)

பதில்: பின்கயிற்றை இறுக்குங்கள். அது பாய்மர உச்சியைப் பின்னால் இழுக்கும், முன்கயிறு தானாக விறைக்கும். ஆனால் பாய்மரம் வில் மாதிரி வளைந்து பெரிய பாயில் மூலைச் சுருக்கம் விழ ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மீன்பிடி நைலோன் நரம்பு போதுமா? (ஹட்டன்)

பதில்: வேண்டாம். இழுவை ஏற ஏற நீளும், நனைந்தால் இன்னும் நீளும். காலையில் பார்த்துப் பார்த்துக் கட்டியது பின்னேரம் தொளதொளவென்று கிடக்கும். அதே மீன்பிடிக் கடையில் பின்னல் நூல் கேளுங்கள், அது நீளாது. வழுக்கும் நூல் என்பதால் முடிச்சில் ஒரு சொட்டு சுப்பர் குளூ விடுங்கள்.

கேள்வி: ஆடிக் காற்றில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விடலாமா சேர்? (நோர்வூட்)

பதில்: சின்னப் பாய் இருந்தால் விடலாம். ஒரு மீற்றர் வகுப்பு வள்ளங்களுக்கே மூன்று அளவில் பாய்த்தொகுதி வைத்திருக்கிறார்கள், சும்மா இல்லை. காற்றோடு ஓடும்போது மூக்கு தண்ணீருக்குள் குத்தினால் கரைக்குக் கொண்டுவந்து மாற்றுங்கள். சரியாக ஓடிய ஒரு நாளில் எல்லாக் கயிறுகளிலும் அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள், அடுத்த தடவை அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கலாம்.