எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு அந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது?

"அமெரிக்க அதிபரின் மனைவி என்பதைத் தவிர எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு என்ன தகுதி இருந்தது? ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்த குழுவுக்கு அவர் தலைவரானது கணவர் பெயரால்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், கணவர் பெயரால்தான். இதை மறுத்து எழுதப்படும் பதில்கள் எனக்கு ஒட்டுவதில்லை. 1945 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இறந்தார். அந்த டிசம்பரிலேயே புதிய அதிபர் ட்ரூமன், எலினோரை ஐ.நா.வுக்குப் போகும் அமெரிக்கக் குழுவில் சேர்த்தார். கல்லூரிப் பட்டமே இல்லாத வேறொரு பெண்ணைத் தேடிப் பிடித்து யாரும் அந்த இடத்தில் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். உடன் போன ஆண்களும் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள். அரசியல், சட்டம், நிதி என்று கனமானதையெல்லாம் தாங்கள் வைத்துக்கொண்டு, சமூகம், பண்பாடு, மனிதநேயம் பார்க்கும் மூன்றாம் குழுவை அவரிடம் தள்ளிவிட்டார்கள். அங்கே இந்த அம்மாவால் எதையும் கெடுக்க முடியாது என்று கணக்கு.

கணக்கு தப்பியது. 1946 தொடக்கத்தில் லண்டனில் பெரிய சண்டை மூண்டதே அந்தக் குழுவில்தான். போருக்குப் பிறகு ஜெர்மனி முகாம்களில் கிடந்த கிழக்கு ஐரோப்பிய அகதிகள் பலர், கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் போன ஊருக்குத் திரும்ப மறுத்தார்கள். திருப்பி அனுப்பியே ஆகவேண்டும் என்றது சோவியத் தரப்பு. பேச வந்தவர் விஷின்ஸ்கி, ஸ்டாலின் கால மாஸ்கோ வழக்குகளில் அரசுத் தரப்பு வக்கீலாக நின்று பலருக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்தவர். அவருக்குப் பதில் சொல்லும் வேலை எலினோர் தலையில் விழுந்தது. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. லத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகள் எழுந்து போய்விட்டால் ஓட்டு போச்சு. அதனால் பேச்சின் நடுவே சிமோன் பொலிவாரை இழுத்து வந்தார். தங்கள் விடுதலை நாயகன் பெயரைக் கேட்டவர்கள் இருந்து ஓட்டுப் போட்டார்கள், அமெரிக்கத் தரப்பு ஜெயித்தது.

இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. 1921இல் போலியோ தாக்கி ஃபிராங்க்ளினுக்குக் கால்கள் செயலிழந்தன. பிறகு அவர் நியூயார்க் மாநில ஆளுநரானபோது அரசு மருத்துவமனைகளையும் காப்பகங்களையும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவர அவரால் முடியவில்லை, மனைவியை அனுப்பினார். தொடக்கத்தில் எலினோர் சமையலறைச் சுவரில் எழுதியிருந்த உணவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து ஒப்பித்தார். அடுப்பில் இருந்த பானையைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டார் கணவர். பார்க்கவில்லை. அடுத்த முறையிலிருந்து பானையைத் திறந்தார். கட்டில்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, பகலில் மடித்து ஒளித்து வைத்த கட்டில் ஏதும் உண்டா என்றெல்லாம் பார்க்கப் பழகினார். பிறகு வெள்ளை மாளிகையில் 12 வருடம் இதையே நாடு முழுக்கச் செய்தார். என்னைக் கேட்டால் அவருடைய பட்டப்படிப்பு அதுதான்.

(சட்டம் படித்தபோது டிசம்பர் 10 மனித உரிமை நாள் என்பதை நான் ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். இந்தப் பானைக் கதையை யாராவது அப்போது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆர்வமாகப் படித்திருப்பேன்.)

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. 1942இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் கணவரின் அரசு முகாம்களில் அடைத்தபோது, உள்ளுக்குள் எதிர்த்தார், வெளியே அந்த உத்தரவோடு மோதவில்லை. 1947இல் கறுப்பின மக்கள் மீதான கொடுமைகளைப் பட்டியலிட்டு கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் தலைமையில் ஐ.நா.வுக்கு ஒரு மனு வந்தது. அதைச் சபையில் எடுக்க எலினோர் துணை நிற்கவில்லை, சோவியத் பிரச்சாரத்துக்குத் தீனியாகும் என்று பயம். 1939இல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு அரங்கம் தர மறுத்த சங்கத்திலிருந்து பகிரங்கமாக விலகியவரும் இதே அம்மாதான். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மனித உரிமைப் பிரகடனத்தை எலினோரே எழுதினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. கனடாவின் ஹம்ஃப்ரி, பிரான்ஸின் கசேன், சீனாவின் சாங், லெபனானின் மாலிக் என்று பலர் கை அதில் இருக்கிறது. தொடக்கக் கால வரைவில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதில் பெண்களும் அடக்கம்தானே என்பது எலினோரின் வாதம். விடாப்பிடியாக நின்று "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. நம் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயரை நான் பார்த்த நினைவில்லை.

தலைவராக எலினோர் செய்தது, ஒத்துவராதவர்களை ஒரே மேசையில் கட்டி உட்கார வைத்தது. கன்பூசியஸைச் சொல்லும் சாங்கும் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் தாமஸ் அக்வினாஸைச் சொல்லும் மாலிக்கும் எலினோர் வீட்டுத் தேநீர் விருந்தில் வாதம் செய்தார்கள். 1948 இலையுதிர் காலத்தில் பாரிஸில் மட்டும் மூன்றாம் குழு 80க்கும் மேற்பட்ட முறை கூடியது. அதற்கு முன்பு, தான் தலைமை வகித்த குழுவின் கூட்டங்களில் வேலை நேரத்தை எலினோர் நீட்டிக்கொண்டே போக, பிரதிநிதிகளுக்கும் மனித உரிமை உண்டு என்று ஒருவர் கெஞ்சியதாகச் சொல்வார்கள். 1948 டிசம்பர் 10 இரவு ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை. சோவியத் அணியும் தென்னாப்பிரிக்காவும் சவுதி அரேபியாவுமாக 8 நாடுகள் ஒதுங்கின.

1953இல் ஐசனோவர் அதிபரானார். ஆட்சி மாறியதால் மரபுப்படி கொடுத்த ராஜினாமா ஏற்கப்பட்டது. கணவர் பெயரால் வந்த நாற்காலி போனது. அவருக்கு வயது 68. ஐ.நா.வுக்கு மக்கள் ஆதரவு திரட்டும் அமெரிக்கச் சங்கம் ஒன்றின் நியூயார்க் அலுவலகத்துக்குப் போய், சம்பளமில்லாமல் வேலை செய்யத் தயார், எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டார்.