சர்க்கரை நோயாளிகளுக்கு நடத்தும் கல்வி வகுப்பால் சுகர் உண்மையிலேயே குறையுமா? எங்கள் கிளினிக்கில் தொடங்கலாமா?

குறையும். ஆனால் ஒரு நாள் வகுப்பை நம்பித் தொடங்காதீர்கள். 2002-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், வகுப்பு முடிந்த கையோடு சுகரின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 0.76 சதவீதப் புள்ளி இறங்கியிருந்தது. ஒன்று முதல் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 0.26 தான் மிச்சம். ஒரு முழுப் புள்ளி இறங்க ஏறக்குறைய 24 மணி நேரம் நோயாளியோடு உட்கார வேண்டும் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. பிரிட்டனின் டெஸ்மண்ட் திட்டத்தில், புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆறு மணி நேர வகுப்பு. ஓராண்டில் எடை குறைந்தது, சிகரெட்டை விட்டவர்கள் கூடினார்கள். சுகரில் மட்டும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முகாம், துண்டறிக்கை, சுண்டல் என்று முடித்துக்கொண்டால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்சுலின் போடுபவர்களிடமிருந்து தொடங்குங்கள், பலன் சீக்கிரம் தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல போடுற மாதிரியே போட்டுக் காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, குறுக்கே பேசாமல் கையை மட்டும் பாருங்கள்.

முதலில் சிரிஞ்சு. நம் ஊர்க் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் மருந்துக்கானது. கடையில் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தாலும் உடம்புக்குள் போவது 8 யூனிட் தான். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜில் இருப்பது 100 யூனிட் மருந்து. அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் அதே 20 கோட்டில் 50 யூனிட். இது உயிருக்கே ஆபத்து.

பேனா என்றால் ஒவ்வொரு தடவையும் 2 யூனிட் வெளியே தள்ளிச் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திய பிறகு பத்து வரை எண்ணித்தான் ஊசியை எடுக்க வேண்டும். கலங்கலான மருந்தைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து, ஒரே வெண்மையாக வந்ததும் போடலாம். ஃப்ரீசரில் உறைந்துபோனதைக் குப்பையில்தான் போட வேண்டும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்.

பிறகு சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றைத் தடவிப் பாருங்கள். வலிக்காத இடம் என்று தினமும் ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்புக் கட்டி பிடிக்கும். அங்கே போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. சுகர் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். இடத்தை மாற்றச் சொல்வதோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள். புது இடத்தில் மருந்து முழுதாக ஏறும், பழைய அளவே போட்டால் லோ சுகர் வந்து மயங்கி விழலாம். இடம் மாற்றும் அன்றே டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். அந்த ஒரு வாரம் வீட்டில் அடிக்கடி சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.